உரல்கசத்துக்குப் போன தூக்குவாளி

பிப்ரவரி 12

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். கோமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "எட்டாங்கிளாஸ் பையன்னு நெனச்சியளோ, தட்டுனா எந்திரிக்கதுக்கு? மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன். வியாழக்கிழமைதான் வருவானாம்.

பதினோரு மணிக்குச் சங்கிலி வந்தான். மலையில் வனத்துறைக் காவலராக இருக்கிறான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். முப்பது வயதாகிவிட்டது, இன்னும் என் வீட்டுக்குள் வரும்போது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். கூடவே டாக்டர் பிலோமினா என்றொரு ஆய்வாளர், தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். மலை ஓடைகளில் தவளை, மீன், தண்ணீர் எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறார். எங்கள் மலைக்கு அடுத்த பத்தாண்டுத் திட்டத்தை வனத்துறை தயாரிக்கிறதாம். எந்த இடத்தை ஆள் புழங்காமல் காப்பது, எந்த இடத்தைக் குளிக்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவது என்று அதில் முடிவாகும். அந்த முடிவுக்கு இவருடைய கணக்குத்தான் ஆதாரம்.

"எங்க சார்கிட்ட கேளுங்க மேடம். மலைல ஒவ்வொரு பாறைக்கும் பேரு தெரியும்" என்றான் சங்கிலி.

வரைபடத்தை விரித்தார். ஆற்றில் பதினோரு கசங்கள். கசம் என்றால் எங்கள் பக்கத்தில் ஆற்றின் ஆழமான பள்ளம், கோடையிலும் வற்றாத இடம். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னேன். உச்சியில், அறுபதடி அருவிக்கு மேலே இருக்கிற ஒன்றைத் தொட்டு, "இது?" என்றார்.

"உரல்கசம். உரல் மாதிரி வட்டமாக் குடைஞ்சிருக்கும்."

"போயிருக்கீங்களா சார்?"

"பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒண்ணு ரெண்டு தடவை."

சங்கிலி காப்பி டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்திருந்தான்.

பிப்ரவரி 15

டாக்டர் மறுபடி வந்தார். ஒரு கண்ணாடிப் புட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற மீன்கள் நான்கு. மேல்நோக்கிய வாய்.

"கொசு மீன். உரல்கசத்துல பிடிச்சது. கசம் முழுக்க இதுதான் இருக்கு. அதுக்கு அடுத்துக் கீழ உள்ள நாலு கசத்துலயும் இருக்கு."

கொசுப்புழுவைத் தின்னும் என்று ஊர் ஊராகக் கிணற்றில் விட்ட மீன். கொசுப்புழு மட்டும்தான் தின்பேன் என்று அது யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தவளை முட்டையையும் தலைப்பிரட்டையின் வாலையும் தின்கிறது. உரல்கசத்தில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு தவளை உண்டு. கிணிகிணித் தவளை என்போம், தென்மேற்குப் பருவத்துச் சாரல் தொடங்கும் அந்தியில் சின்ன மணி அடித்ததுபோலக் கத்தும். ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஆய்வாளர் அங்கே அறுபத்திரண்டு குரல் எண்ணியிருக்கிறார். போன சாரலில் டாக்டர் எண்ணியது ஒன்பது. மற்றக் கசங்களில் அந்தத் தவளை இல்லவே இல்லையாம்.

பிறகு பதிவுக்கருவியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "சார், இந்த மீன் எப்பலருந்து அங்க இருக்கு? எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டார்.

ஆற்றில் எப்போதும் உள்ளதுதான் என்றேன். பெருவெள்ளம் வந்த வருடத்தில் ஏறிப்போயிருக்கும் என்றேன்.

"அறுபதடி அருவியவா?"

"அருவி வழியா இல்ல. வடபக்கம் ஒரு ஓடை சுத்திக்கிட்டு வரும். பள்ளிக்கூடத்துல முன் கேட்டப் பூட்டுனா, லேட்டா வாற பையன் என்ன செய்வான்? பின்னால கக்கூஸ் சுவர் வழியாச் சுத்தி வந்து பெஞ்சுல உக்காந்திருவான். அதுமாதிரிதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாச் சொன்னீங்க சார்" என்று எழுதிக்கொண்டார்.

இரவு சாப்பாடு வேண்டாமென்று கோமதியிடம் சொல்லிவிட்டேன். வாயு.

பிப்ரவரி 16

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்ததாம்.

பிப்ரவரி 25

சங்கிலி, மகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வந்தான். அவனே எழுதலாம், நல்ல கையெழுத்து. என் கையால் எழுதினால் ராசி என்கிறான். எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சார், மேடம் அந்த வடபக்கத்து ஓடையப் போய்ப் பாத்தாவ. காஞ்சு கெடக்கு. வெள்ளத்துல எப்படி இருக்கும்னு உள்ளூர்க்காரவளுக்குத்தான் தெரியும்னு சொன்னாவ."

"ஆமா."

"அப்படித்தானா சார்?"

"என்னல அப்படித்தானா?"

"ஒண்ணுமில்ல சார்."

முன்னறையில் மாட்டியிருந்த படங்களைத் துடைத்தேன். ஒன்றில் கண்ணாடி கீறல் விழுந்து விரிந்திருக்கிறது. கழற்றிப் பீரோவுக்கு மேலே வைத்தேன்.

மார்ச் 9

டாக்டர் கூப்பிட்டார் என்று உரல்கசத்துக்கே போய்வந்தேன். எழுபது வயதில் அந்த ஏற்றம் தேவையில்லைதான். சங்கிலி முன்னால் ஒரு கையும் பின்னால் ஒரு கையுமாக என்னை ஏற்றிவிட்டான். போகும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, "இங்கதான் சார் அன்னைக்கு நாம எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டது" என்றான். மூன்று இடத்திலும் சாப்பிட்டிருக்க முடியாது.

கசம் மாறவில்லை. வட்டப் பாறைக்குள் பச்சைத் தண்ணீர். கோடையில் ஆள் கழுத்தளவுதான் ஆழம். குனிந்தபோது என் நிழல் தண்ணீரில் விழுந்தது. உடனே நூறு இருநூறு மீன்கள் நிழலை நோக்கி ஓடிவந்தன. பொரி போட ஆள் வந்திருக்கிறதென்று நினைத்தனவோ என்னவோ. ஒரு கணம், நன்றாகத்தான் பெருகியிருக்கின்றன என்று மனதுக்குள் தோன்றியது. அப்படித் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டர் சல்லடையில் ஒரே ஒரு தலைப்பிரட்டையை எடுத்துக் காட்டினார். கார்த்திகை மழையில் பிறந்தது, இத்தனை நாள் தப்பியிருக்கிறது. வாலில் பாதி இல்லை. சல்லடைக்குள் ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாறையில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டே சொன்னார். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான் சார். ஒவ்வொரு வெள்ளத்துலயும் மீன் தானா ஏறி வருதுன்னா, இங்க ஒண்ணும் செய்ய முடியாது. நாம இறைக்க இறைக்க அது வந்துக்கிட்டே இருக்கும். ஆனா யாரோ ஒரு தடவை கையில கொண்டாந்து விட்டதுன்னா கதையே வேற. அருவி கீழ இருந்து ஒரு மீன ஏற விடாது. இப்ப மாதிரி தண்ணி குறைஞ்ச நாள்ல மூணு நாள் இறைச்சா முடிஞ்சது. சாரல் விழுறதுக்குள்ள சுத்தமான கசத்த தவளைக்குத் திருப்பிக் குடுத்துரலாம்."

"யாரும் விட்டதாச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"விட்டவங்க யாரு சார் வந்து சொல்வாங்க?"

பத்தாண்டுத் திட்டம் பற்றி ஏப்ரல் 25 அன்று கூட்டம். மீன் தானாக வந்தது என்றால், காப்பாற்ற ஒன்றுமில்லை என்று உரல்கசத்தைக் குளிக்குமிடமாகத் திறந்துவிடுவார்கள். படிக்கட்டு, கம்பி, உடை மாற்றும் அறை.

இறங்கும்போது சங்கிலி என் கையைப் பிடித்திருந்தான்.

மார்ச் 10

முழங்கால் வீக்கம். கோமதி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"அந்தப் போட்டோவ ஏன் கழத்துனிய?"

"கண்ணாடி விரிஞ்சிருக்கு."

"அது விரிஞ்சு பத்து வருசம் ஆகு."

தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "ஊர்ல எத்தனை பிள்ளையள தப்ப ஒத்துக்கிட வச்சிருக்கிய. மையக் கொட்டினது யாரு, பல்ப ஒடச்சது யாருன்னு. ஒருத்தனையும் அடிக்காம, சும்மா பக்கத்துல உக்காந்தே வாங்கிருவிய. உங்க பக்கத்துல உக்காரத்தான் ஆளில்ல."

"நீ இருக்கியே."

"எனக்கு எண்ணெ தேய்க்கத்தான் தெரியும்."

மார்ச் 28

எழுதிவிடுகிறேன்.

சிக்குன்குனியா வந்த வருடம். ஊரில் பாதிப்பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் கொசு மீன் கொடுத்தார். பள்ளிக் கிணற்றில் விட்டோம். இரண்டு வாரத்தில் கிணற்றில் கொசுப்புழு இல்லை. செய்தித்தாளில் வந்தது. அந்த வருடம் எனக்கு மாவட்ட அளவில் நல்லாசிரியர் பரிசும் கிடைத்தது. பரிசு எதற்காக என்று அவர்கள் எழுதவில்லை. ஊர் இதற்காகத்தான் என்று வைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

தை மாதம் எட்டாம் வகுப்பை மலைக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். கிணற்றில் மீன் பெருகிவிட்டதால் கொஞ்சத்தை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். வழியில் கோவில் தெப்பத்தில் விடுவதாகத்தான் எண்ணம். பூசாரி விடக்கூடாதென்றார். வாளியோடு மேலே ஏறினோம். உரல்கசத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, உள்ளே ஒரு மீன்கூட இல்லை.

எனக்கு அது குறையாகத் தெரிந்தது. இதுதான் நான் செய்த தப்பு, மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது. ஒரு கசத்தில் மீன் இல்லையென்றால் அது ஏன் இல்லை என்று கேட்க வேண்டியவன் அறிவியல் ஆசிரியர். நான் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "மீன் இல்லாத தண்ணி, மாணவர் இல்லாத வகுப்பறை மாதிரி. நாம இத நிரப்புவோமா?" என்றேன். "நிரப்புவோம் சார்!" என்று முப்பத்தாறு குரல். தூக்குவாளியைச் சுமந்து வந்தவன் சங்கிலி. அவன் கையாலேயே ஊற்றச் சொன்னேன். அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். நான் நடுவில், கையில் காலி வாளி.

என் வாழ்நாளில் பாதிப் பாடத்தை எடுத்துக்காட்டுகளால்தான் நடத்தினேன். பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் எடுத்துக்காட்டு நன்றாக அமைந்துவிட்டால், சொல்லும் விஷயம் சரியா என்று நானும் பார்ப்பதில்லை, கேட்பவரும் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் டாக்டரிடமும் அதைத்தான் செய்தேன். லேட்டாக வரும் பையனைக் காட்டி ஒரு மீனை அருவிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

நாளைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3

மாமியார் வகையில் ஒரு சாவு. துஷ்டி கேட்கச் சேர்ந்தமரம் போய்வந்தோம்.

ஏப்ரல் 7

டாக்டர் தங்கியிருக்கும் வனத்துறை விடுதிக்குப் போனேன். சொல்லிவிட என்றுதான் போனேன். போனதும், "நல்ல நேரத்துல வந்தீங்க சார். அறிக்கைய ஒரு தடவை படிச்சுத் தமிழ் பாத்துக் குடுங்க" என்று கத்தையைக் கையில் வைத்துவிட்டார். பதினான்காம் பக்கத்தில், 'உள்ளூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அளித்த தகவலின்படி' என்று தொடங்கி வடபக்க ஓடை, வெள்ளம் எல்லாம் இருக்கிறது. அடிக்குறிப்பில் லேட்டாக வரும் பையன்கூட இருக்கிறான்.

ஒற்றுப்பிழைகள் எட்டுத் திருத்தினேன். நன்றி சொன்னார். மோர் கொடுத்தார். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25

ரேஞ்சர் அலுவலகத்தில் கூட்டம். ஊரிலிருந்து முப்பதுபேர். உரல்கசத்தைத் திறப்பதில் எல்லாருக்கும் சந்தோஷம். அவர்கள்மேல் தப்பில்லை. பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து, "குளிக்க வாறவன் டீ குடிக்காம போவானா? ரெண்டு பையன வேலைக்கு வைக்கலாம்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது.

டாக்டர் பேசினார். மீன் மறுபடி மறுபடி ஏறிவரும் என்பதால் உரல்கசத்துத் தவளையைக் காப்பதற்கு வழி தெரியவில்லை என்றார். கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"யாருக்காவது வேறு தகவல் உண்டா?" என்று ரேஞ்சர் கேட்டார். நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

பிறகு ஆய்வுக்கு உதவியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சங்கிலி நின்றான். கூட்டம் முழுவதும் வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

"உள்ள நாற்காலி இருந்துச்சே, உக்கார வேண்டியதுதான?"

"கேள்விக்குப் பதில் சொல்லலேன்னா எழுந்திரிச்சு நிக்கச் சொல்லுவிய சார். அதான் நின்னேன்."

"உனக்குத்தான் பதில் தெரியுமே. நீ சொல்லியிருக்கலாம்."

"எனக்குத் தெரியும். ஆனா அது ஒங்க பதிலு. எங்கிட்ட இருக்கது நான் பாத்து எழுதினது" என்றான். பொன்னாடையை மடித்து என் பையில் வைத்தான். "வண்டி ஏத்தி விடுதேன் வாங்க."

ஏப்ரல் 26

வெளியே போகவில்லை.

ஏப்ரல் 27

சொல்லிவிட்டேன்.

விடுதி முற்றத்தில் டாக்டர் வலைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், எடுத்துக்காட்டு ஒன்றும் இல்லாமல். எந்த வருடம், எந்த மாதம், எங்கிருந்து மீன், எதில் கொண்டுபோனது. பாதியிலேயே அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"பிப்ரவரியில கேட்டேனே சார்."

"ஆமா."

"மார்ச்ல அந்தப் பாறையிலயே உக்காந்து சொன்னேனே. முந்தாநாள் கூட்டத்துலயாவது…" நிறுத்தினார். "நான் அந்த ஓடையில நாலு நாள் அலைஞ்சேன் தெரியுமா? ஒரு எலும்பு, ஒரு செதிலு கிடைக்கல. நீங்க சொன்னதால என் கண்ண நான் நம்பல."

பிறகு, தனக்குத்தானே கேட்பதுபோல, "அப்ப கீழ இருக்கிற நாலு கசத்துக்கும் மேல இருந்துதான் இறங்கியிருக்கு" என்றார். நான் அதை அதுவரை யோசிக்கவே இல்லை. என் முகம் எப்படியிருந்ததோ, உடனே, "எல்லாம்னு சொல்ல மாட்டேன். கொஞ்சமாவது" என்று திருத்தினார். கோபத்திலும் அளவு தவறாமல் பேசுகிறார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"அது பத்தாது சார். முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப வேற ஒண்ணு. படிக்கட்டு கட்டுறத நிறுத்துறதுக்காக வாத்தியார் கதை மாத்துறாருன்னு சொல்வாங்க. அந்த நாள்ல எழுதின ஏதாவது வேணும்."

நாற்பது வருடம் என் சொல்லை இந்த ஊரில் யாரும் சரிபார்த்ததில்லை.

ஏப்ரல் 28

சங்கிலி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "ஏல சங்கிலி, ஒங்கிட்ட என்னமோ இருக்குன்னு சொன்னியே" என்றேன்.

அவன் உள்ளே போய், பாலிதீன் பையில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தான். எட்டாம் வகுப்பு அறிவியல் ரெக்கார்டு நோட்டு. பழுப்பு அட்டை.

"பிப்ரவரியிலயே எடுத்து வச்சிட்டேன் சார். நீங்க கேட்டாத்தான் குடுக்கணும்னு இருந்தேன்."

சோதனை எண் பதினேழு. தேதி: 21-1-2007. நோக்கம்: இயற்கை நீர்நிலையில் மீன் விட்டுக் கொசுவை ஒழித்தல். தேவையான பொருட்கள்: தூக்குவாளி, மீன்கள் 43. செய்முறை: ஆசிரியர் சொன்னபடி மீன்களை உரல்கசத்தில் ஊற்றினேன். காண்பன: தண்ணீரில் வேறு மீன் இல்லை. பாறையில் சிறு தவளைகள் நிறைய இருந்தன. முடிவு: கொசு ஒழிந்தது.

எதிர்ப்பக்கத்தில் பென்சில் படம். வட்டமான கசம், வாளி, பாறை ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தவளைகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. கீழே சிவப்பு மையில் 'மிக நன்று', என் கையெழுத்து.

டாக்டர் நோட்டை இரண்டு முறை படித்தார். "எண்ணிக்கை, தேதி, வேறு மீன் இல்லை, தவளை இருந்துச்சு. பதிமூணு வயசுப் பையன் எழுதினதா இது?" என்றவர், கடைசி வரியில் விரல் வைத்தார். "மீன் விட்ட அன்னைக்கே முடிவு எழுதியாச்சா?"

"முடிவ நான் போர்டுல எழுதிப் போட்டிருவேன். பிள்ளைங்க பாத்து எழுதுவாங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும்…" என்று தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன். "காண்பன மட்டும் அவனே எழுதினது" என்றேன்.

"அதான் பிரயோஜனமா இருக்கு" என்றார்.

மே 6

நோட்டின் நகலும் என் வாக்குமூலமும் மேலே போயிருக்கின்றன. கசத்தை இறைக்க அனுமதி வர வேண்டும். டீக்கடையில் பேச்சிமுத்து டீயை வைத்துவிட்டுச் சொன்னான்: "சார், நமக்கு வர வேண்டியத நீங்களே தடுத்துட்டியளே. பதினேழு வருசம் சும்மா இருந்தவரு இன்னொரு பத்து வருசம் இருக்கக் கூடாதா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தான். மறந்தானோ என்னவோ.

மே 14

அனுமதி வரவில்லை.

மே 19

வரவில்லை. மேற்கே மேகம் கருக்கலாக இருக்கிறது. வானிலை அறிக்கையில் சாரல் இந்த முறை முன்னதாகவே தொடங்கும் என்கிறார்கள். ஊரெல்லாம் மகிழ்ச்சி. நான் ஒருவன்தான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மே 24

அனுமதி வந்துவிட்டது. இருபத்தேழு முதல் மூன்று நாள். குளிக்குமிடம் பற்றிய முடிவு தள்ளிவைப்பு.

மே 27

என்னை மேலே வர வேண்டாம் என்றார்கள். போனேன். முழங்காலுக்கு உறை மாட்டிக் கோமதியே அனுப்பினாள். "போயிட்டு வாங்க. ஆனா அங்க நின்னு பாடம் எடுக்காதிய" என்றாள்.

மோட்டாரைச் சுமந்து ஏற்ற வழியில்லை. பன்னிரண்டு பேர், குடம், வாளி, பிளாஸ்டிக் தொட்டி. மேலிருந்து வந்து விழும் நூல் போன்ற நீரைத் தகரம் வைத்து ஒருபக்கம் ஒதுக்கினார்கள். இறைத்த தண்ணீரை வடிகட்டுவதற்கு வீடுகளிலிருந்து பழைய கொசுவலைகள் கொண்டு வந்திருந்தார்கள். எண்ணுவது என் வேலை. வலையில் விழுந்ததைப் பத்துப் பத்தாகப் பிரித்து எழுதினேன். மாலைவரை 1,340. கசத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது.

ஆண்மீன் சிறியது, பெண்மீன் பெரியது. வயிற்றில் குஞ்சோடு பல. நாற்பத்து மூன்று ஊற்றியது எனக்கு நினைவில்லை. சங்கிலி எண்ணியிருக்கிறான்.

மே 28

காலை முதல் வேகமாக நடந்தது. பிற்பகல் ஒரு மணிக்குத் தண்ணீர் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. டாக்டர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அடிப்பாறையத் தொட்டுருவோம்" என்றார்.

இரண்டரைக்குக் காற்று திரும்பியது. மூன்று மணிக்குச் சாரல். முதலில் ஊசிபோல, பிறகு நிற்கவேயில்லை. அரைமணி நேரத்தில் தகரத்தைத் தள்ளிக்கொண்டு மேலிருந்து தண்ணீர் இறங்கியது. சங்கிலியும் இன்னும் இரண்டுபேரும் உள்ளே நின்று இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குடம் வெளியே போனால் பத்துக் குடம் உள்ளே வந்தது. டாக்டர் "போதும், ஏறுங்க" என்று மூன்று தடவை கத்தினார்.

அதுவரை எண்ணியது 2,618. உள்ளே மிச்சம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

ஆலமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றோம். நான் ஏப்ரல் ஏழாம் தேதியே வாய் திறந்திருந்தால் சுத்தமான கசத்தில் இந்தச் சாரல் விழுந்திருக்கும். மோர் குடித்துவிட்டு வந்த நாள். டாக்டர் அதைச் சொல்லவில்லை. என் கையிலிருந்த எண்ணிக்கைத் தாள் நனையாமல் தன் குடையை அதன்மேல் பிடித்திருந்தார்.

மே 31

காய்ச்சல். கஞ்சி.

ஜூன் 3

டாக்டர் ஊருக்குப் போகும்முன் வந்தார். அடுத்த கோடையில் மறுபடி இறைக்க அனுமதி கேட்டிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு வாரமும் உரல்கசத்தில் மீனையும் தவளைக் குரலையும் எண்ணிப் பதிய வேண்டும். சங்கிலி போய் எண்ணுவான், தொலைபேசியில் சொல்வான், நான் எழுத வேண்டும். ஒரு புதிய நோட்டை மேசைமேல் வைத்தார்.

"என்னை நம்பியா குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணுறது சங்கிலிதானே சார்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "எழுத்து உங்களுது நல்லா இருக்கும்" என்றார்.

கோமதி அவருக்கு அதிரசம் கட்டிக்கொடுத்தாள். அவர் போன பிறகு பீரோமேல் இருந்த படத்தை எடுத்து முன்னறையில் பழைய ஆணியிலேயே மாட்டினாள். கண்ணாடி விரிந்தபடியே இருக்கிறது. நான் நடுவில் நிற்கிறேன், கையில் காலி வாளி. ஓரத்தில் ஒரு பையன் மட்டும் படம் எடுப்பவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 9

நோட்டில் கோடு போட்டேன். தேதி, நீர்மட்டம், மீன், குரல், குறிப்பு. முடிவு என்று ஒரு பத்தி போடக் கை போனது. போடவில்லை.

அந்தி ஏழு மணிக்குச் சங்கிலி கூப்பிட்டான். பின்னால் அருவிச் சத்தம்.

"தண்ணி மேல்வரைக்கும் நெறஞ்சு கெடக்கு சார். மீனு மூணு பாத்தேன். சின்னதுதான்."

எழுதினேன்.

"தவளை?"

"கேக்கு சார். வடபக்கத்துப் பாறைல. ஒண்ணா ரெண்டான்னு தெரியல. ஒண்ணே இடம் மாறி மாறிக் கத்துதோ என்னமோ." பிறகு மெதுவாக, எனக்கு நல்லது செய்கிறவனின் குரலில் சொன்னான்: "ரெண்டுன்னு போட்டுக்கிடுவமா சார்?"

பேனா கட்டத்தின் மேல் நின்றது. தொலைபேசியில் அருவிக்கு நடுவே அந்தச் சின்ன மணிச் சத்தம் எனக்கும் கேட்டது. ஒரு தடவை. மறுபடி கேட்டதா என்று சொல்ல முடியவில்லை.

"வேண்டாம்ல" என்றேன். "தெரியலன்னு போடுவோம்."

குரல் என்ற கட்டத்தில், 'கேட்டது. ஒன்றா இரண்டா தெரியவில்லை' என்று எழுதினேன்.